பாதிக் கூடும் சிங்கப் படமும்

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற காட்டில், ஓடைக்கு மேல் சாய்ந்த ஈச்சமரத்தில் பூவரசன் என்றொரு தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தான். கல்யாண வயசு. மழை பிடிப்பதற்குள் ஒருத்தி அமையாவிட்டால் இன்னொரு வருஷம் ஒண்டிக்கட்டைதான். அந்தக் கவலை பாவம், அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

அவர்கள் இனத்தில் ஒரு வழக்கம். ஆண் பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெண் வந்து நாரை அலகால் இழுத்துப் பார்ப்பாள், ஆட்டிப் பார்ப்பாள், நாலு குறை சொல்வாள். அதைச் சரிசெய்து கொடுத்தால் உள்ளே வந்து உட்காருவாள். அப்புறம்தான் மீதிக் கூடு, குடித்தனம் எல்லாம். இப்போது காட்டில் அநேகமாக ஆளுக்கொரு போன் வந்துவிட்டதால், முதலில் படம் போட வேண்டும், பிறகுதான் கூடு பார்க்கும் படலம்.

பூவரசனும் போட்டான். லைக் கொட்டியது. மான் இதயம் விட்டது, கரடி கைதட்டியது. கடைசியாக ஒரு சிங்க மூஞ்சி வந்தது. பெயர் 'கானகச் சிங்கம்'. ஊர் பேர் தெரியாத கணக்கு. "இது கூடா, காய்ந்த சுரைக்காயா? உன் மூஞ்சிக்குப் பொண்ணு ஒரு கேடா?" என்று எழுதியது.

பூவரசனுக்குச் சுருக்கென்றது. இரை இறங்கவில்லை. சும்மா விட்டானா என்றால் அதுவும் இல்லை. சுரைக்காய்க்கு வாசல் உண்டா என்று நியாயம் பேசினான், படம் போட்டு விளக்கினான். சிங்கமோ கூட்டை விட்டுவிட்டு அவன் அப்பனை இழுத்தது, ஆத்தாளை இழுத்தது.

அந்த நேரம் பார்த்து மைனா ஒரு வீடியோவைக் காடு முழுக்க அனுப்பியது. ட்ரோலைக் கண்டுபிடிப்பது எப்படி? கூப்பிடாமல் வருவான், குறையே சொல்வான், உங்கள் மனசை நோகடிப்பான். பதில் சொல்லாதீர்கள், பிளாக் செய்யுங்கள். மைனா சொன்னதில் தப்பொன்றும் இல்லை. பூவரசன் சிங்கத்தை பிளாக் செய்தான். அடடா, என்ன நிம்மதி. அன்றைக்குப் புல்விதைகூட இனித்தது. ஒருமுறை ருசி கண்டவன் விடுவானா?

மறுநாள் தையல்நாயகி எழுதினாள். ஓடையின் அக்கரைக் குருவி. சொந்த முகம், சொந்தப் பெயர்.

"இடப்பக்கம் நார் தளர்வா இருக்குங்க. களிமண்ணும் பத்தாது. காத்தடிச்சா முட்டை உருண்டுடும். நேர்ல வந்து பாக்கட்டுமா?"

கூப்பிட்டோமா? இல்லை. குறை சொன்னாளா? சொன்னாள். மனசு நொந்ததா? நொந்தது. பூவரசன் கடைசி வரிக்குப் போகவே இல்லை. அதற்குள் பிளாக் செய்துவிட்டான்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொருத்தியும் ஒரு குறையோடுதான் வந்தாள். வழக்கமே அதுதானே! எல்லாரையும் வாசலோடு அனுப்பினான். மிச்சம் இருந்தது மானும் கரடியும். இரண்டும் ஆகா ஓகோ என்றன. கரடி வந்து இந்தக் கூட்டில் முட்டையிடப் போவதில்லை என்பது அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மழை பிடித்தது. தையல்நாயகி எதிர்மரத்துக் குப்பாண்டியிடம் நேரிலேயே போனாள். அவனிடம் போனும் கிடையாது, நேர்த்தியும் கிடையாது. அவன் கூட்டை அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன், ஆமாங்க இளக்கமாத்தான் இருக்கு என்று சொல்லி, நாரை இழுத்துக் கட்டினான். அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நாளில் குஞ்சுகளோடு படம் போட்டாள். கரடி வழக்கம்போல ஆகா ஓகோ என்று அதைப் பூவரசனுக்கும் அனுப்பிவைத்தது.

பாதிக் கூட்டில் நனைந்துகொண்டே பூவரசன் அதைப் பார்த்தான். அழுகை வந்தது. அழுது முடிந்ததும் வயிறு எரிந்தது. புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினான். படத்துக்கு ஒரு புலியை வைத்தான். தையல்நாயகி படத்துக்குக் கீழே, "இது கூடா, காய்ந்த சுரைக்காயா?" என்று எழுதினான்.

உடனே ஒரு லைக் விழுந்தது. கானகச் சிங்கம். பின்னாலேயே தனியாக ஒரு செய்தியும் வந்தது.

"வாங்க தம்பி. நீங்க எந்த மரம்? நான் கிணத்தடி ஈச்சமரம். எனக்கும் பாதிக் கூடுதான்."

நீதி: குறை சொல்கிற அத்தனை பேரையும் பிளாக் செய்தால் குருவியும் புலியாகலாம். படத்துக்குப் பஞ்சமே இல்லை.