தவணை முறையில் ஒரு சண்டை

சல்லிக்காசு தரமாட்டேன் என்று நான் முடிவெடுத்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் வாயில் நுரையோடு எடுப்பதுதான் என் வழக்கம். என்ன சொல்கிறேன் என்று மனைவிக்குப் புரியாது, அதனால் மறுத்துப் பேசமாட்டாள். அன்று அந்தப் பாதுகாப்பும் தேவைப்படவில்லை. அவள் வீட்டிலேயே இல்லை.

என் மச்சினி குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். பார்த்துக்கொள்ள அவள் அக்கா, அதாவது என் மனைவி, போகவேண்டும். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாள்தான் ஷோரூமில் சர்வீஸ் முடிந்து வந்த கார். பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது. இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் ஆயில் கோடு. ஆயில் மாற்றியவர்கள் அடியில் இருக்கும் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை.

மனைவி குனிந்து காரின் அடியில் போனை நீட்டிப் படம் எடுத்தாள். என் லட்சணத்தைத் தங்கைக்குக் காட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு வாடகைக் காரை நிறுத்தி ஏறினாள்.

"திரும்பி வந்தா நம்ம கார்லதான் வருவேன். பாதி வழியில இறக்கி விட்டது நீங்க. முழு வழியும் கூட்டிட்டு வரவேண்டியதும் நீங்கதான்."

காரை ஷோரூம் ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை, நான் பல் தேய்க்கும்போது, ஷோரூமிலிருந்து போனில் பில் வந்தது. ரோட்டில் கல் அடித்து போல்ட் கழன்றதாம். என்ஜின் வேலைக்கு நான் பணம் கட்டினால்தான் கார் வெளியே வருமாம். தொகையை எழுதினால் உங்களுக்கும் நெஞ்சு வலிக்கும், வேண்டாம்.

ஒரு கை பார்த்துவிடுவது என்று ஷோரூமுக்குள் நுழைந்தேன். மேனேஜர் கழுத்தில் டை, முகத்தில் சிரிப்பு.

"வாங்க சார். காபி சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

"நான் காபி குடிக்க வரலை. சண்டை போட வந்திருக்கேன்."

"ரெண்டையும் சேர்த்தே பண்ணலாம் சார்."

காபி வந்தது. வாயில் வைத்தால் எனக்கென்றே போட்ட மாதிரி இருந்தது. கூட ஒரு பிஸ்கட். இன்னொன்று கேட்டேன். "ஒண்ணுதான் சார்" என்று ரிசப்ஷன் பெண் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கஞ்சத்தனத்தையும் என் புகாரில் சேர்த்துக்கொண்டேன்.

"இத்தனை வருஷமா அடிக்காத கல்லு, நீங்க கை வெச்ச மறுநாள் மட்டும் குறி பார்த்து அடிச்சுதா?"

"ரோட்டுல கல்லு கிடக்கத்தானே சார் செய்யும்."

"கிடக்கும். ஸ்பேனரோட கிடக்குமா?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "நியாயம்தான் சார். வண்டியை இழுத்துட்டு வந்த கூலியைத் தள்ளிடறேன். மீதியை நாளைக்குப் பேசுவோம்."

"இன்னிக்கே பேசி முடிப்போமே."

"அவசரப்படாதீங்க சார். நாளைக்கு இதே நேரம் வாங்க."

சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தேன்.

"இழுவைக் கூலியைத் தள்ள வெச்சுட்டேன்."

"பரவாயில்லையே. நீங்களா பேசினீங்க?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா பேசுவார்? ஆளு ஆடிப்போயிட்டான்."

"சாப்பிட்டீங்களா?"

"சாதம் குழைஞ்சுடுச்சு. நீ எப்ப வரே?"

"கார் எப்ப வருதோ அப்ப."

அடுத்த நாள் பில்லிலிருந்து ஆயில் விலை போனது. அதற்கடுத்த நாள் ஏதோ ஒரு வாஷர். ஒவ்வொரு நாளும் ஒன்று. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்வதென்றால், காலையில் கண் விழித்ததும் மேனேஜரிடம் என்ன கேட்கலாம் என்றுதான் யோசனை ஓடியது. என்னிடம் எதிர்த்துப் பேச அந்த ஊரில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

வீடு அப்படி இருந்தது. ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் படுப்பது என் நெடுநாள் ஆசை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் குளிருது என்று குறைப்பாள், அவள் தூங்கியதும் நான் கூட்டுவேன், நான் தூங்கியதும் அவள் குறைப்பாள். இப்போது முழு வேகத்தில் சுற்றியது. கேட்க ஆளில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அப்புறம் நானே எழுந்து போய்க் குறைத்தேன். அவள் தலையணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வெட்கம்தான், ஆனால் சொல்லிவிட்டேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை.

மறுநாள் காலையே என் சபதம் உடைந்தது. மானம் போனால் போகட்டும் என்று, முதலில் கேட்ட முழுப் பணத்தோடு ஷோரூமுக்குப் போனேன்.

"இந்தாங்க. காரைக் கொடுங்க."

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "என்ன சார் இது, பாதியில இப்படிப் பண்ணிட்டீங்க? லேபர் சார்ஜைப் பத்தி நாம இன்னும் பேசவே இல்லையே."

"நான் தோத்துட்டேன். விடுங்க."

"நீங்க ஏன் சார் தோக்கணும்? லேபர்ல உங்களுக்கு நல்ல பாயிண்ட் இருக்கு. போல்ட்டை முடுக்காதவன் கூலி கேக்கலாமான்னு நேத்து கிளம்பும்போது ஒண்ணு கேட்டீங்களே. அதைக் கொஞ்சம் விரிவா கேளுங்க சார். நான் பதில் சொல்ல முடியாம முழிக்கிறேன்."

இப்படிக் கூப்பிட்டால் யாரால் மறுக்க முடியும்? பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரிவாகவே கேட்டேன். முழித்தார். என்னைக் கண்டு நடுங்குகிறார் என்று தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை பில்லில் எதுவுமே மிஞ்சவில்லை. மேனேஜர் சாவியைக் கையில் கொடுத்துக் கும்பிட்டார்.

"உங்க மச்சினிக்கு நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க இல்ல சார்? விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு காரை எடுத்தேன். தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் மனைவி தங்கை வீட்டு வாசலில் பையோடு காத்திருந்தாள். முன் சீட்டில் ஏறியதும் முதல் வேலையாக ஏ.சி.யைக் குறைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க இருமினேன்.

"ஆமா, கட்டுப் பிரிக்கிற விஷயம் அந்த மேனேஜருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். வண்டி நின்ன அன்னிக்கே போட்டோவை அனுப்பிட்டுப் போன் பண்ணேன். எங்க தப்புதாம்மா, பணமே வேண்டாம்னுட்டார்."

"அன்னிக்கேவா? அப்ப அந்த பில்லு?"

"நான்தான் ஒண்ணு போட்டு அனுப்பச் சொன்னேன். கார் கையில இருந்தா மறுநாளே இங்க வந்து நின்னிருப்பீங்க. அவளை விட்டுட்டு நான் எப்படிக் கிளம்பறது? வீட்டுல தனியா இருந்தாலும், சண்டை போட ஆளில்லாம உங்களுக்குச் சோறு இறங்காது. அதான் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

"ஒரு மேனேஜர் இதுக்கெல்லாம் ஒத்துக்குவாரா?"

"போல்ட்டை முடுக்காததுக்கு அவருக்கும் ஏதாவது தண்டனை வேணுமில்ல? அந்தக் கல்லு கதை என்னோடது. நல்லா இருந்துச்சா?"

மிச்சமிருந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

"என்னவோ போ. அந்தக் காபி மட்டும் பிரமாதம். அதையாவது அவராவே போட்டுக் கொடுத்தார்."

"சர்க்கரை அரை ஸ்பூன், பிஸ்கட் ஒண்ணு, ரெண்டாவது கேப்பார், கொடுக்காதீங்கன்னு சொல்லியிருந்தேன்" என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "தினமும் கேட்டீங்களாமே."