ஆம்பூர் அத்தையும் ஆற்றல் அழிவின்மை விதியும்

படித்ததைப் பரீட்சையோடு மறந்துவிடுகிறவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. மறக்காமல் வைத்துக்கொண்டு, எங்கேயாவது பயன்படுத்திப் பார்க்கத் துடிக்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்போது நான் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்த புதிது. (பாடம் நடத்த வகுப்பறைகூட வேண்டாம், எதிரே ஒரு முகம் இருந்தால் போதும்.)

என் தங்கை சுமதிக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் பெரியம்மா சரோஜா அத்தை, ஆம்பூரிலிருந்து நிச்சயப் புடவையோடு ரயிலில் பங்காருபேட்டை வந்து இறங்குவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அவரை அழைத்துவரும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நண்பன் டேவிட் தன் மின்சார ஸ்கூட்டரைக் கொடுத்தான்.

"சார்ஜ் கம்மியா கீது மச்சான். கொஞ்ச நேரம் போட்டுட்டு எடுத்துக்குனு போ."

"வழியெல்லாம் மேடு பள்ளம்டா. இறக்கத்துல வர்ற வேகத்துலயே அடுத்த மேடு ஏறிடலாம். ஆற்றலுக்கு அழிவே கிடையாது!"

"ஆற்றலுக்கு இல்ல. பேட்டரிக்கு கீது," என்றான். (பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது!)

ரயில் தாமதம். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். பெரிய பையோடு இறங்கிய அத்தை, ஸ்கூட்டரைப் பார்த்ததும் என் பின்னால் கார் ஏதாவது நிற்கிறதா என்று தேடினார். இல்லை என்றானதும் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு முறை முனகி அடங்கியது.

"பாரமா கீதா தம்பி?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

"நல்லதுதான் அத்தை. எடை கூடக் கூட நிலை ஆற்றல் கூடும். இறக்கத்துல அதெல்லாம் இயக்க ஆற்றலா மாறும்."

அத்தை பையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பாடத்தை மனதில் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

முதல் பெரிய இறக்கத்தின் உச்சியில் வண்டியை அணைத்துவிட்டேன். சத்தமே இல்லாமல், தேர்போல உருண்டோம். "பாருங்க அத்தை, இப்ப செலவே இல்ல!" என்று நான் கத்தும்போது, கீழே எருமைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். எருமைகள் எந்த அவசரமும் இல்லாமல் கடந்து போயின. எதிரே அடுத்த மேடு. வண்டியை உயிர்ப்பித்தேன். பாதி மேட்டில் திரை கண்சிமிட்டி, ஒரேயடியாக அணைந்தது.

"இன்னா தம்பி, அந்த சக்தி இன்னா ஆச்சி?"

"பிரேக்ல வெப்பமா மாறிடுச்சி அத்தை. ஆனா அழியல."

"அழியலன்னா அந்த சக்திய வெச்சி வண்டிய ஓட்டு."

இறங்கினோம். நான் தள்ளினேன். அத்தை பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டியபடி பின்னால் நடந்தார். போன ஆட்டோக்களில் எல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். மேட்டின் உச்சிக்கு வந்தபோது, பள்ளத்தில் நிச்சயதார்த்த மண்டபம் தெரிந்தது.

"தோ கீது. நடந்தே போயிடலாம்," என்றார் அத்தை.

"நேரமில்லை அத்தை, உக்காருங்க. இந்த முறை பிரேக்கையே தொட மாட்டேன்."

(எருமைகளிடமிருந்து நான் கற்ற பாடம் இதுதான். அறிவாளிக்கு அனுபவமும் உதவாது.)

உருண்டோம். வேகம் ஏற ஏற அத்தை என் சட்டைக் காலரைப் பிடித்தார், பிறகு கழுத்தை. மண்டப வாசலில் வரவேற்பு மேசை: சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் சொம்பு. நான் ஜோராக வருகிறேன் என்று நினைத்து, என் சித்தி மகள் சிரித்த முகத்தோடு பன்னீர் தெளிக்கத் தயாரானாள். ஹார்னை அழுத்தினேன். பேட்டரி செத்த வண்டியில் ஹார்னும் செத்திருந்தது. கடைசி நொடியில் பிரேக்கைப் பிடித்தேன். பழைய சுரங்கக் குப்பை மேட்டிலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டியிருந்த மணலில் சக்கரம் சறுக்கியது.

சித்தி மகள் ஒதுங்கிவிட்டாள். மேசையால் ஒதுங்க முடியவில்லை.

புழுதி அடங்கியபோது, கற்கண்டு நடுவே நான் குப்புறக் கிடந்தேன். அத்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் சந்தனம், தலையில் குங்குமம். இரண்டு கையாலும் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நாகஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கல்யாணம் நின்றே போனது என்று என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அங்கேயே ஒரு சுரங்கக் குழி திறந்தால் தேவலை என்றிருந்தது.

அத்தை கண்ணிலிருந்த சந்தனத்தை வழித்தார். "மணி இன்னா?"

"நாலேகால்," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"பொடவைக்கு ஒண்ணும் ஆவல. தட்ட மாத்துங்க. மூஞ்சிய அப்பால கழுவிக்கிறேன்."

நிச்சயம் நடந்தது. படங்களில் எல்லாம் அத்தை அபிஷேகம் முடிந்த அம்மன்போலவே இருக்கிறார். பந்தியில் என்னைப் பக்கத்தில் அழைத்தார். மன்னிக்கப் போகிறார் என்று குனிந்தேன்.

"தம்பி எந்த ஸ்கூல்ல வேலை பாக்குது?"

சொன்னேன். அவர் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "நம்ம புள்ளைங்க யாராச்சும் அங்க படிச்சா, நாளைக்கே டி.சி. வாங்கிடுங்க."

இன்றைக்கும் எங்கள் இரு குடும்பங்களிலும் மண்டபம் பேசப் போனால், வாடகை, பார்க்கிங் எல்லாம் அப்புறம்தான். "மண்டபம் மேட்டுல கீதா, பள்ளத்துல கீதா?" என்று அத்தை முதலில் கேட்பார். பள்ளம் என்றால் போதும், கூடியிருக்கும் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.