பெல்ஜியத்தை ருசி பார்த்த நாக்கு

உலகத்தில் மொத்தம் மூன்றே மூன்று நாக்குகள்தான் உண்டு. ஒன்று பிரான்சு தேசத்தில் ஒரு ராஜாவிடம் இருந்தது. தலையை வெட்டியபோது அதுவும் கூடவே போய்விட்டது. இன்னொன்று தேவலோகத்தில் இருக்கிறது, அங்கே அமிர்தத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காததால் துருப்பிடித்துக் கிடக்கிறது. மூன்றாவது விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், பீங்கான் கம்பெனி போர்மேன் கோதண்டபாணியின் வாய்க்குள் வாடகையில்லாமல் குடியிருந்தது. மற்றபடி உங்கள் வாயிலும் என் வாயிலும் புரண்டுகொண்டிருப்பவை சோற்றை உள்ளே தள்ளுகிற கரண்டிகள். இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். பல தடவை.

இந்த இனத்துக்கு ருசிசொல்லி என்று பெயர் வைத்துக்கொள்வோம். சாப்பிடுகிறவர்கள் வேறு, ருசிசொல்லிகள் வேறு. சாப்பிடுகிறவன் இலையைப் பார்ப்பான். ருசிசொல்லி கூரையைப் பார்ப்பார். வாயில் ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை விரித்து, கன்னத்தை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை உப்பவைத்து, மொத்தப் பந்தியும் கையில் எடுத்த சோற்றோடு காத்திருக்க, கடைசியில் "நல்லாத்தான் இருக்குது" என்பார். நிம்மதியாக மூச்சு விட்டுவிடாதீர்கள். அடுத்த வார்த்தை வரும். "ஆனா..."

அந்த "ஆனா"வில் எத்தனை பேர் குடி கெட்டது! கல்யாணப் பாயசத்தைக் குடித்து, "ஆனா முந்திரி போன தீபாவளிக்கு வாங்கினது" என்று போர்மேன் சொல்லிவிட்டுப் போன வீட்டில் சம்பந்திகள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. காபிக் கிளப்பில் ஒரு வாய் உறிஞ்சி, பால் கறந்த மாடு முதல்நாள் வேப்பந்தழை தின்றிருக்கிறது என்பார். மாட்டைக் கூப்பிட்டா கேட்க முடியும்? சாவு வீட்டில்கூட, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபியை வாங்கி, "பெரியவரு போனதுல டிகாஷனைக் கவனிக்க ஆளில்ல போலருக்கு" என்று துக்கம் விசாரித்த மனிதர்.

ருசிசொல்லி தனியாக இருக்க மாட்டார். கூடவே ஒரு ஆமாம்சாமி வேண்டும். எங்கள் போர்மேனுக்குப் பச்சமுத்து. அவன் கம்பெனியில் மண் சுமப்பவன். அவனுக்கு உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் பார்த்தால்தான் தெரியும், தின்றால் தெரியாது.

இத்தனைக்கும் அந்த நாக்குக்குச் சம்பளம் கொடுத்தது பாயசம் அல்ல, மண். பீங்கான் செய்கிற மண்ணையும் கல்லையும் தண்ணீர் விட்டு ஒரு பெரிய உருளையில் போட்டு மணிக்கணக்காக அரைப்பார்கள். அரைத்த குழம்பில் ஒரு பொட்டை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார் போர்மேன். நறநறவென்றால் திரும்பவும் உருளையைச் சுற்ற வேண்டும். வழவழவென்றால் ஜாடிக்குப் போகலாம். இதில் அவர் தப்பியதே இல்லை. எந்த மேட்டு மண், எத்தனை மணி நேரம் அரைத்தது என்பதைப் பல்லாலேயே படித்துவிடுவார். இந்த ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. அது வேலை. வேலையைப் பற்றி யார் பீற்றிக்கொள்வார்கள்?

என் அண்ணன் செபாஸ்டியன் அந்த உருளையைச் சுற்றுகிறவன். மூன்று வருஷமாகத் தற்காலிகம். எழுபத்திரண்டாம் வருஷம் மே மாதம் முதலாளி நாலு பேரை நிரந்தரமாக்கப் போகிறார், போர்மேன் யார் பெயரைச் சொல்கிறாரோ அவர்கள்தான் என்று செய்தி வந்தது. அண்ணன் ஜெபமாலையை எடுத்தான். பிறகு யோசித்து, பாட்டிலையும் எடுத்தான்.

பாட்டில் எங்கள் மாமா ஸ்தனிஸ்லாஸ் கொண்டுவந்தது. கப்பல் குசினியில் சமையல் வேலை பார்க்கிறவர். பெல்ஜியம் துறைமுகத்தில் வாங்கினாராம். கறுத்த கண்ணாடி, வாயில் தக்கை, தக்கை ஓடிவிடாமல் கம்பிக்கட்டு. "இது சாதா பீர் இல்லப்பா, ரெண்டு மடங்கு வேகம். கடையில வாங்குற ஈஸ்ட்டு போட மாட்டாங்க. காத்துல, மரத்துல தானா இருக்குமே, காட்டு ஈஸ்ட்டு, அது வந்து வுழுந்து புளிக்கும். வருஷக்கணக்குல பீப்பாய்ல கெடக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். தானாக வந்து விழுந்து புளிக்கிற சரக்குக்கு எங்கள் ஊரில் கள் என்று பெயர். ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் மாயவன் பனைமரத்திலிருந்து இறக்குகிறான். இதற்காகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. ஆனால் நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவன். என் பேச்சு எந்த அம்பலத்தில் ஏறும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் பாட்டில் திறப்பு விழா என்று அண்ணன் போர்மேனை அழைத்தான்.

"பெல்ஜியமா?" என்றார் அவர், பாட்டிலைக் கண்ணால் பார்க்கும் முன்பே. "தெரியும். நல்லாத்தான் இருக்கும். ஆனா எல்லாருக்கும் புரியாது."

"ஆமாண்ணே, புரியாது" என்றான் பச்சமுத்து.

சனிக்கிழமை மத்தியானம், விருந்தாளி வரப்போகிறாரே என்று எங்கள் அம்மா இஞ்ஞாசியம்மாள் பாட்டிலைத் துடைத்தாள். கம்பியில் துரு. துருவைத் தேய்க்கக் கம்பியைத் தளர்த்தினாள். மே மாத வெயிலில் வெந்து கிடந்த பாட்டில் அல்லவா? தக்கை கூரை ஓட்டில் போய் இடித்தது. நுரை பொங்கியது. அம்மா மோந்து பார்த்தாள். குதிரை லாய வாடை, ஊசிப்போன பழ வாடை, கூடவே குப்பென்று ஒரு புளிப்பு.

"ஐயோ சேசுவே, எந்தம்பி ஆசையா வாங்கியாந்தது கெட்டுப்போயிடுச்சே!"

கெட்டதைக் கொடுத்து யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் மகன் வேலை என்னாவது என்று அத்தனையையும் வாழைக்கன்றில் ஊற்றினாள். அதோடு விட்டாளா? சாம்பலும் புளியும் போட்டு, ஒரு துளி வாசம் இல்லாமல் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் வந்து, அது அப்படித்தானாம் நாறும், மாமா சொன்னாரே என்றேன். அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "செபாஸ்டியன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது. அதனால்தான் மாயவனிடம் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கள்ளை வீட்டிலிருந்த கழிவு ஜாடியில் ஊற்றித் தெளியவைத்தேன். கம்பெனியில் தள்ளுபடியான ஜாடி, உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு பிடிக்காதது. மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, நிறத்துக்குக் கருப்பட்டிப் பாகு, சீறுவதற்கு ஒரு கோலி சோடா. தக்கையைக் கத்தியால் சீவி உள்ளே அறைந்து, கம்பியைக் குறட்டால் முறுக்கினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு நாக்கு வந்தது. பின்னால் பச்சமுத்து வந்தான். அண்ணன் கம்பியை அவிழ்த்ததும் தக்கை டமாரென்று பறந்தது. கருப்பட்டி ராத்திரி முழுக்கச் சும்மா இருக்கவில்லை. போர்மேன் கைதட்டினார். எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வழிய ஊற்றி நீட்டிய அண்ணனுக்கு விரலெல்லாம் நுரை.

ஒரு வாய். கண் மூடியது. மூக்கு விரிந்தது. கன்னம் இந்தப் பக்கம். கன்னம் அந்தப் பக்கம். எங்கள் வீட்டுக் கூரைக்கு அன்று கிடைத்த மரியாதை அது கட்டிய நாள் முதல் கிடைத்ததில்லை.

"பனி," என்றார். "மொதல்ல பனி தெரியுது. பனிமலை அடிவாரத்துல ஒரு பழம் வெளையும், பேரு வாய்ல வரல. அது. அதுக்குப் பின்னால... செபாஸ்டியா, மாதா கோயில் மெழுகுவத்தி வாசம் வருதா உனக்கு?"

"வருதுங்க" என்றான் அண்ணன், இன்னும் குடிக்காமலே.

"ஆமாண்ணே, மெழுகுவத்தி. ரெண்டு மெழுகுவத்தி" என்றான் பச்சமுத்து.

"நம்மாளுங்க கள்ளு கள்ளுன்னு கெடக்குறானுங்களே, இதுல ஒரு வாய் குடிச்சா அதை மாட்டுக்குக்கூட ஊத்த மாட்டானுங்க. அது என்ன, இது என்ன! ஈஸ்ட்டுன்னா இது ஈஸ்ட்டு!"

சிரிப்பை அடக்க நான் கொல்லைக்குப் போய் வாழைக்கன்றைக் கட்டிப்பிடித்து நின்றேன். திரும்பி வந்தபோது இரண்டாவது வாய் உள்ளே போயிருந்தது. தாடை பாதியில் நின்றது. முன்பல் இரண்டும் மெல்ல ஒருமுறை உரசின. அவர் டம்ளருக்குள் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார்.

எல்லோரும் காத்திருந்தோம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆனா" வரவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பச்சமுத்து மட்டும் மீதியைக் குடித்து, சாயங்காலம் வரை பெல்ஜியத்தில் இருந்தான்.

வியாழக்கிழமை பெயர்கள் ஒட்டினார்கள். நாலாவது பெயர் செபாஸ்டியன். அம்மா மாதா கோயிலுக்கு உண்மையாகவே இரண்டு மெழுகுவத்தி வாங்கினாள். நான் ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். மறுநாள் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனபோது, கம்பெனி வாசலில் உடைந்த ஜாடிகள் குவிந்து கிடக்கிற இடத்தில் போர்மேன் தனியாக நின்றார்.

"டேய், இங்க வா. அந்த ஜாடி இன்னும் வூட்ல இருக்குதா?"

"எந்த ஜாடிங்க?"

"உள்பூச்சு பிடிக்காத ஜாடி. பெல்ஜியத்தை ஊத்தி வச்சியே, அது."

தூக்குச்சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"ரெண்டாவது வாய்ல பல்லுல தட்டிச்சுடா. நம்ம மேட்டு மண்ணு. ரெண்டு மணி நேரம் கம்மியா அரைச்சது. அது அறுபத்தெட்டாம் வருஷத்து ஜாடி. உங்கண்ணன் அப்ப வேலைக்கே வரல. அதனால பொழச்சான்."

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமேங்க?"

"மொத வாய்லயே மெழுகுவத்தி வரைக்கும் போயிட்டேனே. அங்கேருந்து எப்படிடா திரும்புறது?" அவர் காலால் ஒரு ஜாடித் துண்டைத் தள்ளினார். "சரி, அசல் எங்க போச்சு?"

அம்மா பெயரை இழுக்க எனக்கு மனசு வரவில்லை. "நாந்தான் குடிச்சிட்டேன்" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசாங்க."

அவர் கிட்டே வந்தார். கண்ணை மூடவில்லை, மூக்கை விரிக்கவில்லை. பசித்தவன் அடுத்த வீட்டுச் சமையலைக் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எப்படிடா இருந்துச்சு?"

நான் ஒரு சொட்டு குடித்தவனில்லை. ஆனாலும் என்ன தோன்றியதோ, ஆரம்பித்துவிட்டேன். "மொதல்ல குதிரை லாய வாடைங்க. ஆனா கெட்ட வாடை இல்ல. அப்புறம் ஒரு பழம், பழுத்து ரெண்டு நாளானது. நாக்கு ஓரத்துல புளிப்பு, தொண்டையில கசப்பு. முழுங்கினப்புறம் பழைய மரப்பெட்டியைத் தெறந்த மாதிரி ஒரு..." பேசிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். அங்கே கூரைகூட இல்லை, வெறும் வானம்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். இவ்வளவு தூரம் வந்ததில் அந்தச் சரக்கின் ருசி இன்னதுதான் என்று உங்களுக்கும் ஒரு முடிவு வந்திருக்குமே? நாளைக்கு எவனாவது பெல்ஜியம் என்று பேச்செடுத்தால், "அது கொஞ்சம் லாய வாடை அடிக்கும்" என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று உங்களால் சத்தியம் பண்ண முடியுமா?

போர்மேன் கடைசிவரை கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"நீ குடிக்கலடா. குடிச்சிருந்தா 'நல்லாருந்துச்சு', இல்லன்னா 'நாறுச்சு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்ப. இவ்வளவு வெலாவாரியா வரணும்னா வாய்லயே படாம இருந்தாத்தான் வரும். எனக்குத் தெரியாதா?" என்றவர், யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு கேட்டார்: "யார் கீழ ஊத்துனது? உங்கம்மாவா?"