கொஞ்சம் கூடிப்போச்சு

இருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தாறு இருந்தது.

செவரின் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். இருபத்தாறுதான். பக்கத்துச் சின்ன வட்டத்தில் திங்கள் போய்ச் செவ்வாய் வந்திருந்தது. வெளியே லா ஷோ-து-ஃபோன் ஊர் முழுக்க நவம்பர் இருபத்தைந்து, திங்கட்கிழமை, பனி. மேனேஜர் பெரெனூவின் கைக்கடிகாரத்தில் மட்டும் நாளைக்கே விடிந்துவிட்டது.

தப்பு அவளுடைய வலது கட்டைவிரலுடையது. இந்த வேலைக்கு வருமுன் ஆறு வருஷம் அத்தையின் சீஸ் கடையில் நின்றவள் அவள். கையில் எது கிடைத்தாலும் பதம் பார்க்கக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள். கடிகாரத்துக்குப் புது வார் போட்டுக் கீழே பட்டறையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். துடைத்து மேனேஜரின் மேஜையில் வைப்பது மட்டும்தான் அவள் வேலை. துடைத்தாள். விளிம்பில் ஒரு சின்னப் பித்தான் தட்டுப்பட்டது. விரல் சும்மா இருக்கவில்லை.

அது சாதாரணக் கடிகாரமும் இல்லை. எந்த மாதத்துக்கு முப்பது நாள், எதற்கு முப்பத்தொன்று, எந்த வருஷம் லீப் வருஷம் எல்லாம் தெரிந்து தேதியைத் தானே மாற்றிக்கொள்ளும் ரகம். தன் பாட்டுக்கு ஓடவிட்டால் நூறு வருஷம் தப்பாது. மனுஷர் கை படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செவரின் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய மூன்று மாதச் சோதனைக் காலம் நவம்பர் முப்பதோடு முடிகிறது. அதுவரை அவளை ஒரு கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதற்குப் பிறகு அனுப்புவதென்றால் ஜெனீவாவில் இருக்கும் முதலாளியம்மாவுக்கு மேனேஜர் தன் கைப்படக் காரணம் எழுத வேண்டும். எண்பத்தெட்டு வயது முதலாளியம்மா காரணங்களைக் கேட்டால் எரிந்து விழுவார். அதனால் முப்பதைத் தாண்டியவர்கள் அந்தக் கம்பெனியில் ஓய்வு பெறும்வரை இருந்தார்கள். செவரின் தாண்ட இன்னும் ஐந்தே நாள்.

தாண்டாவிட்டால் அத்தை இருக்கிறாள். கிளம்பும்போதே, "போ, போ. உன் ஏப்ரனை ஆணியிலேயே விட்டு வைக்கிறேன். மூணு மாசத்துல நீயே வந்து மாட்டிக்குவ" என்றவள். ஞாயிறு தவறாமல் போன் பண்ணி, ஏப்ரன் பத்திரமாக இருப்பதாகத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த மூன்று மாதத்தில் செவரின் பெரிதாகப் பேர் வாங்கவும் இல்லை. விலையுயர்ந்த கடிகாரம் விற்கும் இடத்தில் மெல்லப் பேச வேண்டும், "வாட்ச்" என்று சொல்லக்கூடாது, "பீஸ்" என்று சொல்ல வேண்டும், விலையைச் சொல்லாமல் எழுதிக் காட்ட வேண்டும். முதல் மாதமே ஒரு வாடிக்கையாளர் நாற்பதாயிரம் ஃபிராங்க் அளவில் ஒன்று கேட்டார். எடுத்துக் காட்டினாள். "நாற்பத்திரண்டு வருது. கொஞ்சம் கூடிப்போச்சு, இருக்கட்டுமா?" என்று தராசில் சீஸ் துண்டைப் போட்டவள் மாதிரியே கேட்டுவிட்டாள். வாடிக்கையாளர் வாய்விட்டுச் சிரித்து, இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். பெரெனூ சிரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

ஆக, இந்த ஒரு நாளைத் திருப்பியாக வேண்டும். வீட்டில் அடுப்புக் கடிகாரத்தில் எண் தாண்டிப்போனால் அழுத்திக்கொண்டே இருந்தால் சுற்றி வந்துவிடும். அதே நம்பிக்கையில் இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினாள். இருபத்தெட்டு, வியாழன். நிலவு காட்டும் வட்டத்தில் நிலவும் நகர்ந்திருந்தது. அவள் விரலை எடுத்துவிட்டுப் பட்டறைக்கு இறங்கிப் போனாள்.

இவான் என்ற பழுதுபார்ப்பவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார்.

"இவான் அண்ணே, சும்மா ஒரு சந்தேகம். தேதி தானா மாறுற பீஸ்ல ஒரு ரெண்டு மூணு நாள் முன்னாடி போயிட்டா, எப்படிப் பின்னாடி கொண்டுவர்றது?"

"பின்னாடி வராது."

"வராதுன்னா?"

"உன் வயசு பின்னாடி வருமா? அந்த மாதிரி."

"அப்ப என்னதான் பண்றது?"

"நிறுத்தி வெச்சிட்டு உக்காந்திரு. எத்தனை நாள் கூடிச்சோ அத்தனை நாள். நிஜத் தேதி வந்து அதைப் பிடிச்சிக்கும். அவசரம்னா பிரிச்சுத்தான் பாக்கணும். அதுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும்." அப்போதுதான் நிமிர்ந்தார். "யாரோட பீஸ் அது?"

"சும்மா கேட்டேன் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே படியேறிவிட்டாள்.

மேஜைமுன் உட்கார்ந்து யோசித்தாள். தேதியை மறப்பவர் உண்டு. கிழமையை மறப்பவர் கிடையாது. திங்கட்கிழமை காலையில் வியாழன் என்று காட்டினால் கண்ணில் அறையும். கிழமையாவது சரியாக இருக்கட்டும் என்று மேலும் அழுத்தினாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். கிழமை கச்சிதமாக வந்து நின்றது. நவம்பருக்கு முப்பதே நாள் என்று தெரிந்த புத்திசாலிக் கடிகாரம் மாதத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தது. டிசம்பர் இரண்டு.

பக்கவாட்டுச் சாவியை இழுத்துக் கடிகாரத்தை நிறுத்தினாள். வார் இன்னும் வரவில்லை என்று சொல்லி ஒரு வாரம் இழுப்பறையில் வைத்துவிடலாம் என்று திட்டம். இழுப்பறை பாதி மூடும்போது கதவு திறந்தது.

பத்து மணிக்கு வர வேண்டிய பெரெனூ கால் மணி முன்னதாக வந்திருந்தார். அந்தக் கம்பெனியில் அதற்குப் பெயர்தான் சரியான நேரம். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. பத்து நாளாகக் கடும் காய்ச்சலில் வீட்டில் கிடந்து இன்றைக்குத்தான் எழுந்து வந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என் பீஸ் வந்திடுச்சா? கொடுங்க."

கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்?

"நின்னிருக்கே" என்றவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைத் திருத்தினார். சாவியை அமுக்கினார். அப்புறம் தேதியைப் பார்த்தார். கையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி பார்த்தார். ஒட்டிப்போன கன்னத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது.

"டிசம்பரா?"

செவரின் பாதி மூடிய இழுப்பறையை முழுக்க மூடினாள்.

"நான் பத்து நாள்னுல்ல நினைச்சேன். இத்தனை நாளா படுத்திருந்தேன்? நீங்க சொல்லுங்க செவரின்."

எல்லாவற்றையும் சொல்லிவிட நல்ல இடம் அதுதான். அவளுக்கும் தெரிந்தது. ஆனால் பயத்தில் நாக்குக்குப் பழக்கப்பட்ட வாக்கியம் மட்டும்தான் வந்தது.

"கொஞ்சம் கூடிப்போச்சு சார்."

பெரெனூ மெல்லத் தலையாட்டினார். "காய்ச்சல் பொய் சொல்லும். இது சொல்லாது" என்று கடிகாரத்தைத் தட்டிக் கையில் கட்டிக்கொண்டார். அவரிடம் கைப்பேசி கிடையாது. தேதியை எங்கிருந்தோ வாங்கி வந்து காட்டும் சாமான்களை நம்புவதில்லை என்பார். வாசல் மேஜையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் ஒவ்வொரு மெழுகுவத்தியாக ஏற்றும் பசுந்தழை வளையம் வைத்திருந்தது. டிசம்பர் பிறந்தும் முதல் மெழுகுவத்தியை ஏன் ஏற்றவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று காலை முழுக்கச் செவரின் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள். மெழுகுவத்தியை ஏற்றினாள். அது புதிதாக இருந்ததால், நேற்று ஞாயிறே ஏற்றியதுபோல் தெரிய அரை மணி நேரம் எரியவிட்டாள். சுவர்க் காலண்டரில் நவம்பர் மாதத் தாளைக் கிழித்தாள். வந்திருந்த நாளிதழைச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் திணித்தாள்.

பெருக்கித் துடைக்க வரும் லூர்தெஸ் அதைப் பார்த்துவிட்டாள். போர்ச்சுகலிலிருந்து வந்து அந்தக் கட்டடத்தில் இருபது வருஷமாகத் தரை துடைப்பவள். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்பது துடைப்பத்துக்குத் தெரியும் என்பாள்.

"பேப்பர்ல என்ன, உன் போட்டோ வந்திருக்கா?"

அதற்குமேல் செவரினால் அடக்க முடியவில்லை. கட்டைவிரலில் ஆரம்பித்து மெழுகுவத்தி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். லூர்தெஸ் முழுவதையும் கேட்டாள். சிரிக்கவில்லை. நாளிதழை வெளியே எடுத்து ஈரத் தரையில் விரித்துப் போட்டாள். இனி அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்றாள்.

மதியம் பெரெனூ சாப்பிட வெளியே வரவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அவர் நடந்துகொண்டே இருக்கும் சத்தம் கேட்டது. சன்னலுக்குப் போகிறார், திரும்புகிறார், ஏதோ முணுமுணுக்கிறார். கண்டுபிடித்துவிட்டார் என்றே செவரின் முடிவு கட்டினாள். அத்தை கடை ஆணியும் அதில் தொங்கும் ஏப்ரனும் கண்முன் வந்து நின்றன.

நாலு மணிக்குக் கூப்பிட்டார். போனாள். மேஜையில் ஒரு தாள் இருந்தது. எலுமிச்சையைக் கடித்தவர் முகத்தோடு அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வேலை நிரந்தரம். வாழ்த்துகள்."

துக்கச் செய்தி வாசிக்கும் குரலில் சொன்னார். செவரின் தாளைப் பார்த்தாள். கீழே அவருடைய கையெழுத்து, பக்கத்தில் டிசம்பர் இரண்டு.

"சார்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். நம்ம தொழில்ல நேரம் தவறினவன் வாயைத் திறக்கக்கூடாது. போய் வேலையைப் பாருங்க."

நிரந்தரக் கடிதம் பிந்தியதற்கு அவர் தன்னையே நொந்துகொள்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது சந்தோஷம் வரவில்லை, வெட்கம் வந்தது. காய்ச்சலில் எழுந்து வந்த மனுஷர். காலையிலிருந்து அவரை ஏமாற்றியிருக்கிறாள். அவரோ முதல் வேலையாக அவளை நிரந்தரமாக்கியிருக்கிறார். சீஸ் கடையில் ஆறு வருஷம் ஒரு கிராம் குறைத்து நிறுத்ததில்லை அவள். கூடிப்போனால்கூடக் கேட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். இதைத் தாங்கிக்கொண்டு இந்த நாற்காலியில் ஒரு வாரம்கூட உட்கார முடியாது என்று தோன்றியது. எழுந்தாள்.

தாழ்வாரத்தில் லூர்தெஸ், அறைகளின் குப்பைக்கூடைகளை நீலப் பையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"உண்மையைச் சொல்லப் போறேன் அக்கா. அவரு நல்லவரு. இவ்வளவு நம்பிக்கை வெச்சவரை ஏமாத்திட்டு என்னால இருக்க முடியாது. வேலை போனாலும் பரவாயில்ல."

லூர்தெஸ் பையைக் கீழே வைத்தாள். உள்ளே கையை விட்டுத் தேடி, கிழிந்த காகிதத் துண்டுகள் நான்கை எடுத்தாள். சன்னல் திண்டில் வைத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். செவரினின் முழுப் பெயர் பெரிய எழுத்தில் வந்தது.

"உன்னை வேலையை விட்டு எடுக்கிற கடுதாசிடி இது, இன்னிக்குத் தேதி போட்டுக் காய்ச்சலுக்கு முன்னாடியே அடிச்சு வெச்சிருந்தது, 'முப்பது தாண்டிடுச்சே, பிந்திட்டேனே'ன்னு மத்தியானம் பூரா புலம்பிப் புலம்பிக் கிழிச்சாரு, இப்பப் போய்ச் சொல்லு, இன்னும் அஞ்சு நாள் இருக்குன்னு."