காற்றுக்கு மறைத்த ஆராத்தி

பிரித்தானியாவில் நாங்கள் வாழும் மனோர் பார்க்கில் அசைவன அனைத்துக்கும் ஆராத்தி எடுத்து முடித்தவர் அவர் ஒருவரே. புதுக் கார், ஐந்தாம் முறையில் டிரைவிங் டெஸ்டில் தேறியவர், கவுன்சில் கொடுத்த குப்பைத் தொட்டி, எதுவும் தப்பியதில்லை. தட்டத்தில் வாழைப்பழத் துண்டுகள், அவற்றில் எரியும் திரிகள், இருபுறமும் பிடிக்க இரண்டு சுமங்கலிகள். அதிகாரம் மட்டும் அவருடையது. சொந்தப் பெயர் மறைந்து ‘ஆராத்தி அண்ணை’ ஆனார்.

அத்தகையவரின் வாசலிலேயே ஒருநாள் தட்டம் சுழலவில்லை. பிரித்தானியப் படையில் இருந்த மகன் சேந்தன், பீட்டர் என்ற தன் துணைவரைச் சட்டப்படி பதிவுசெய்து அழைத்துவந்த நாள் அது. ஒரு பக்கத்தை அண்ணையின் மனைவி பிடித்தார். மறுபக்கத்துக்கு ஆளில்லை.

“எனக்குத் தோள் நோகுது அண்ணை,” என்றார் அயல்வீட்டுப் பெண்.

“குப்பைத் தொட்டிக்கு நோகேல்லையோ பிள்ளை?”

சேந்தனும் பீட்டரும் வெறும் நெற்றியோடு உள்ளே போனார்கள். அதன்பின் அண்ணை எவர் வீட்டிலும் தட்டம் தொடவில்லை.

மறு ஆண்டு சேந்தனின் படையணி போர்முனையிலிருந்து திரும்பியது. “ஐயா, பதிகம் பாட நீங்களும் வாங்கோ. பீட்டரைப் பின்னுக்கு நிப்பாட்டுவாங்கள். இண்டைக்குத் தளபதியோட எனக்குச் சண்டை!” என்று, கோயிலில் பதிகம் பாடும் என்னையும் அண்ணை தன் வான் வண்டியில் ஏற்றினார்.

முகாம் வாசலில் காவலன் தட்டத்தைத் திறக்கச் சொன்னான். “குண்டில்லையடா தம்பி, கதலி!” என்று அண்ணை தமிழிலேயே முழங்கினார். ஒன்றை உரித்துத் தின்று காட்டிய பிறகே வழி கிடைத்தது.

உள்ளே, படைவீரர் குடும்பங்களின் முதல் வரிசையில், தளபதியின் மனைவிக்கு அருகே பீட்டர் அமர்ந்திருந்தார். காத்திருந்த மாதங்களெல்லாம் வீரர்களின் மனைவியர் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்திருந்தார்களாம்.

“சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லையே, ஐயா!” அண்ணை ஏமாந்தே போனார்.

அணிவகுப்பு முடிந்து சேந்தன் பீட்டரின் அருகில் வந்து நின்றதும், அண்ணையின் மனைவி தட்டத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கம் வெறுமையாய் இருக்கக் கண்ட தளபதியின் மனைவி, கையுறையைக் கழற்றிவிட்டு, கேளாமலே வந்து பிடித்தார்.

காற்று திரிகளை அணைத்தது. ஏற்ற ஏற்ற அணைத்தது.

“காத்துப் பக்கம் மறையுங்கோடா!” என்று அண்ணை கையை வீச, அதையும் கட்டளையென்றே கொண்ட வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து மதிலாய் நின்றனர். திரிகள் நிமிர்ந்து எரிந்தன. நான் பதிகம் எடுத்தேன். தட்டம் சுழன்றது, இரண்டு நெற்றியிலும் பொட்டு ஏறியது. சந்நிதியில் தீபம் கண்டாற்போல் என் கரங்கள் தாமே குவிந்தன.

செய்தி எங்களுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்தது. தோள் நோவுக்காரி தேடி வந்தார். “அண்ணை, மகளின்ரை புதுவீட்டுக்கு வாறியளோ?”

“ஓம், வாறன். சேந்தனும் பீட்டரும் முன்னுக்கு நிப்பினம். தோள் ஏலுமோ?”

“ஏலும் அண்ணை.”

அண்ணை இன்று இல்லை. ஆனாலும் எங்கேனும் வாழைப்பழத் துண்டில் திரி எரியக் கண்டால், காற்று வரும் பக்கம் எது என்று பார்த்து, நான் அங்கே போய் நின்றுகொள்கிறேன்.