சம்பந்திகள் வைத்த வெங்காய சூப்

வெங்காயம் கருகிவிட்டது. பொன்னிறமாக வர வேண்டியது, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நேராக அடுப்புக்கரி நிறத்துக்குப் போய்விட்டது.

"தீயைக் கூட்டினது யாரு?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள் மார்சலின். மாப்பிள்ளையின் அம்மா. லியோன் நகரத்தில் இருபது வருஷம் தனியாளாகச் சாப்பாட்டுக்கடை நடத்தியவள்.

"நேரமாகுதே, சம்பந்தியம்மா" என்றார் ஃபிர்மின். பெண்ணின் அப்பா.

"நேரமானா வெங்காயம் என்ன செய்யும்? ஒரு மணி நேரம் மெல்ல வதக்கணும்னு கடுதாசி கடுதாசியா எழுதினேனே, படிக்கலையா?"

படிக்காமல் என்ன? நிச்சயம் ஆன ஏழு மாதத்தில் பதினொரு கடிதம். பாலாடைக்கட்டி போட வேண்டுமா, வினிகர் விட வேண்டுமா என்று இரு வீட்டாருக்கும் நடந்த சண்டை முழுவதும் தபாலில்தான் நடந்தது. ஃபிர்மின் ஓய்வுபெற்ற தபால்காரர். அப்படியும் காலை பத்து மணிக்கு வாசலில் போய் நின்றுகொண்டு, புதுத் தபால்காரனை "ஏன் லேட்டு?" என்று பிடித்துக்கொள்வார். எல்லாம் சூப் விஷயம் தெரிந்துகொள்ளத்தான் என்று மகள் ஒடிலிடம் சொல்லியிருந்தார்.

விடிகாலை மணி நாலு. சமையலறைக்கு வெளியே கல்யாண மண்டபத்தில் அக்கார்டியன் வாத்தியம் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. ஒடிலும் மாப்பிள்ளை பஸ்தியானும் இரண்டு மணிக்கே ஆட்டத்தின் நடுவில் நழுவிவிட்டார்கள். பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டியில் அந்த ஊர் வழக்கம் அது. புது ஜோடி யார் வீட்டிலாவது ஒளிந்துகொள்ளும். விடிவதற்குள் ஊரே திரண்டு தேடிப் பிடித்து, கட்டிலைச் சுற்றி நின்று வெங்காய சூப்பைக் குடிக்க வைக்கும். சூப்பை ஊற்றிக்கொண்டு போவது, ராத்திரி அவசரத்துக்குக் கட்டிலுக்கடியில் வைக்கிற பீங்கான் சட்டியில். பயப்பட வேண்டாம், கல்யாணத்துக்கென்று வாங்கிய புத்தம் புதுச் சட்டிதான்.

முப்பது வருஷத்தில் ஃபிர்மினிடமிருந்து தப்பிய ஜோடி கிடையாது. எந்த வீட்டுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கடியில் இருக்கிறது என்பதெல்லாம் தபால்காரருக்கு மனப்பாடம். ஆனால் இன்றைக்கு அவருக்கு வேண்டியது அந்தப் பெருமை மட்டும் அல்ல. ஆறு வருஷத்துக்கு முன் கண்ணை மூடிய மனைவி ழான், "ஒடில் கல்யாணச் சூப்பை உங்க கையாலதான் கொடுக்கணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சூப்தான் இப்போது கரியாகிக் கிடந்தது.

"கொஞ்சம் வைன் ஊத்தினா சரியாயிடும்" என்று ஃபிர்மின் முக்கால் பாட்டிலைக் கவிழ்த்தார். புளிப்பு ஏறியது. மார்சலின் அவருக்குத் தெரியாமல் ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டாள். அவள் திரும்பிய நேரத்தில் ஃபிர்மினும் ஒரு கைப்பிடி போட்டார்.

அக்கார்டியன்காரர் ஒக்தாவ் உள்ளே வந்து ஒரு கரண்டி ருசி பார்த்தார். "நல்லாருக்கு. ரொட்டியில தடவிச் சாப்பிடலாம்."

"வேற வெங்காயம் நறுக்குங்க!" என்று மார்சலின் அடுப்பைத் திருகினாள். பற்றவில்லை.

ஒக்தாவ் பின்வாசலுக்கு வெளியே இருந்த சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "தீர்ந்துபோச்சு."

"நேத்துதானய்யா மாத்தினேன்!" என்றார் ஃபிர்மின்.

"அதுக்கென்ன பண்றது? நீங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுல போய் வைங்க, ஃபிர்மின். ஜோடியை நாங்க தேடிப் பிடிக்கிறோம்."

"நான் இல்லாமலா? பட்டப்பகல்ல மாதா கோயிலைக் கண்டுபிடிக்க மாட்டீங்களே நீங்க!"

"சூப் இல்லாமக் கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?"

இரண்டு சம்பந்திகளும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் காய்ந்த ரொட்டியுமாக மூன்று தெரு தள்ளி நடந்தார்கள். பீங்கான் சட்டியை மறந்துவிட்டோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஃபிர்மினுக்கு உறைத்தது.

"கதவைத் தாழ் போடுங்க. ஜன்னலையும் சாத்துங்க. வாசனை வெளியே போனா, பதமாகிறதுக்குள்ள ஊரே வந்து நிக்கும்" என்றாள் மார்சலின்.

போட்டார். சாத்தினார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று கிலோ வெங்காயம் நறுக்கினார்கள். இரண்டு பேர் கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டியது.

"இது ராஜா கண்டுபிடிச்ச சூப், தெரியுமா?" என்றார் ஃபிர்மின் மூக்கை உறிஞ்சியபடி. "வேட்டைக்குப் போன இடத்துல அலமாரியில வெங்காயமும் வெண்ணெயும்தான் இருந்துதாம்."

"ஆமா, ராஜா உக்காந்து வெங்காயம் நறுக்கினாராக்கும்! மார்க்கெட்ல மூட்டை தூக்கறவன் குளிருக்குக் குடிச்சது இது. மலிவான வெங்காயம், மிஞ்சின ரொட்டி, காய்ஞ்ச பாலாடைக்கட்டி. என் கடைக்கு விடிகாலையில வருவாங்க. முதல் வாய்க்கு யாரும் பேச மாட்டாங்க. ரெண்டாவது வாய்க்குத்தான் மனுஷனாவாங்க."

"ராஜாவும் அப்படித்தான் ஆகியிருப்பாரு."

மார்சலின் சிரித்துவிட்டாள். ஏழு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

வெங்காயம் வெண்ணெயில் மெல்லக் குழைந்தது. ஃபிர்மின் அவசரமாகக் கிண்டினார். "மெதுவா" என்று அவள் அவர் கையின் மேல் கை வைத்துக் கரண்டியைச் சுற்றிக் காட்டினாள். கிண்டச் சொல்லிக்கொடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆனாலும் கையை யாரும் எடுக்கவில்லை.

"நாளையிலேருந்து இந்த மேஜையில எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"நான் ஒருத்தன்தான்."

"எங்க வீட்டுலயும் அதே கணக்குதான்."

மகள் போனபின் இந்த வீடு எப்படி இருக்கும் என்று ஏழு மாதமாக ஃபிர்மின் நினைக்காமல் ஒத்திப்போட்டு வந்தார். "வெங்காயம் ரொம்பக் காரம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா ஃபிர்மின், காரம்தான்" என்றாள் அவளும். சம்பந்தி என்ற பட்டம் எங்கேயோ நழுவிவிட்டதை இருவருமே கவனித்தார்கள், காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது தெருவில் பாத்திர மூடிகளும் தாம்பாளங்களும் அதிர்ந்தன. கதவு படபடவென்று இடிபட்டது.

"ஐயோ, வந்துட்டாங்க! இன்னும் பதமே ஆகலையே!" ஃபிர்மின் கரண்டியும் கையுமாக ஓடித் தாழை எடுத்தார்.

கல்யாணக் கூட்டம் மொத்தமும் உள்ளே புகுந்தது. முன்னால் ஒக்தாவ். பக்கத்தில் கல்யாண உடை கசங்காமல் ஒடில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்தியான்.

"பிடிச்சிட்டீங்களா! எங்கே ஒளிஞ்சிருந்தாங்க?"

கூட்டம் அவரையும் மார்சலினையும் சுற்றி வட்டமாக நின்றுகொண்டது. ஒடில் அப்பாவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுச் சிரித்தாள். ஒக்தாவின் கையில் அந்தப் பீங்கான் சட்டி. அதில் ஆவி பறக்க, மேலே பாலாடைக்கட்டி பொன்னாகப் பொரிந்து, விளிம்பு வரை சூப்.

"இது யாரு வச்ச சூப்?" என்றார் ஃபிர்மின், ஒன்றும் புரியாமல்.

ஒக்தாவ் சட்டியை நீட்டினார்.

"சிலிண்டரை மூடி வச்சது உங்க பொண்ணு, நீங்க கிளம்பினதும் திறந்து சூப் வச்சது உங்க மாப்பிள்ளை, முப்பது வருஷத்துல உங்க கண்ணுல படாமத் தப்பின ஒரே ஜோடி நீங்க ரெண்டு பேரும்தான், குடிங்க!"