நாற்பது நிமிஷத்தில் பார்த்த மலை

நோர்வூட் ஜீவராணி நுவரெலியாப் பக்கம் ட்ரிப் போன இடத்தில் தேயிலைக் கொழுந்து களவெடுத்துப் பிடிபட்டாளாம். ட்ரிப்புக்கு மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் கதை இவ்வளவுதான் இருந்தது. பத்து மணிக்கு அந்தக் கதை பேக்கரிக்குள் நுழைந்தபோது போலீஸ் ஜீப் ஒன்றும் கூடவே நுழைந்தது. பகல் பஸ்ஸில் ஏறி பொகவந்தலாவைக்குப் போய் இறங்கியபோது, ஜீவராணியின் மடியில் இருந்த கொழுந்து அரை லொறியாகிவிட்டது. இன்னும் ஒரு பஸ் கிடைத்திருந்தால் தொழிற்சாலையையே தூக்கிக்கொண்டு வந்திருப்பாள்.

உண்மையைச் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அதற்கு முன்னால் ஜீவராணி எந்த இனம் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

கூட்டமாக ட்ரிப் போகிற எந்த பஸ்ஸை எடுத்தாலும் 'இந்தா வந்துர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போகிற இனம் ஒன்று இருக்கும். பஸ்ஸுக்கு ஒன்று கட்டாயம். சில பஸ்ஸில் இரண்டு இருக்கும், அந்த பஸ் ஊர் திரும்புவது கடவுள் கையில். இந்த இனம் காசு கட்டுவது ட்ரிப்புக்கு, போவது தன் சொந்த வழிக்கு. எல்லோரும் கோயிலைப் பார்த்தால் இது கோயிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும். எல்லோரும் அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்தால், இது அருவி எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறும். 'அரை மணித்தியாலம் ப்ரீ, சாப்பிடுறவங்க சாப்பிடுங்க' என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, சோற்றுப் பார்சலைப் பக்கத்து சீட்டுக்காரி மடியில் வைத்துவிட்டு, செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டு, 'இந்தா வந்துர்றேன்' என்று கிளம்பிவிடும். வருமா? வரும். எப்போது என்று கேட்கக்கூடாது.

சரி, தொலைந்து தொலையட்டும் என்று விடலாம்தான். ஆனால் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்கும் பாருங்கள், "நீங்க அதப் பாக்கலையா?" என்று. அவ்வளவுதான், நீங்கள் நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்ததெல்லாம் தண்ணீரில் போனது.

ஜீவராணி இந்த இனத்தில் முதல் தரம். கதிர்காமம் போனபோது எல்லோரும் பூஜைத் தட்டோடு வரிசையில் நிற்க, அவள் யானை குளிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து வந்தாள். கொழும்பில் எல்லோரும் கடலைப் பார்க்க, அவள் பக்கத்துக் கட்டடத்துக்குள் போய் லிப்டில் எட்டுத் தரம் ஏறி இறங்கினாள். காவல்காரர் விசாரித்ததற்கு, "கீழயும் மேலயும் ஒரே ஆளுதான் நிக்கிறாரான்னு பாத்தேங்க" என்றாளாம்.

இந்த முறை ட்ரிப்பை நடத்தியவர் தோட்டத்துப் பாலர் பாடசாலை பெற்றீசியா டீச்சர். கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல். தோட்டத்தின் ஒரே டிவிசனில் கொழுந்து பறிக்கிற முப்பத்தெட்டுப் பெண்கள். பகலில் நுவரெலியாக் குளம், பிறகு தேயிலைத் தொழிற்சாலை, பின்னேரம் நானுஓயாவில் நாலரை ரயில் ஏறி ஹட்டன். ரயில்தான் முக்கியம். நோர்வூட்டுக்கு ரயில் பாதை கிடையாது. இருபத்தொன்பது பேர் பிறந்ததிலிருந்து ரயிலில் கால் வைத்ததில்லை. ஒரே பெட்டியில் எல்லோருக்கும் சீட் எடுப்பதற்காக டீச்சர் ஹட்டன் ஸ்டேஷனுக்கு மூன்று தரம் அலைந்தார்.

அதெல்லாம் சரி, கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை எதற்கு என்கிறீர்களா? டீச்சர் வெள்ளைக்காரர்களுக்கு அடித்த நோட்டீஸ் ஒன்றைப் பார்த்து ப்ரோகிராம் போட்டிருந்தார், அதில் அது இருந்தது. அங்கே சேலை கட்டிய ஒரு பிள்ளை குச்சியை நீட்டி, "இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்த்து, மிகக் கவனமாக, கையாலேயே பறிக்கிறார்கள்" என்று விளக்கியது. முப்பத்தெட்டுப் பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். காசு கட்டியாயிற்றே.

பிறகு இலவசத் தேநீர். பிறகு நாற்பது நிமிஷம் ப்ரீ.

"மூணே முக்காலுக்கு விசில் ஊதுவேன்" என்றார் டீச்சர். "ஜீவராணி அக்கா, ஒங்களத்தான்."

"இந்தா வந்துர்றேன் டீச்சர்."

ரோட்டைக் கடந்தால் மலை. மலை என்றால் தேயிலை மலைதான். முப்பது வருஷமாக ஜீவராணி தன் தோட்டத்து மலையில்தான் நின்றிருக்கிறாள். அடுத்த தோட்டத்து மலைக்குள் கால் வைத்ததே இல்லை. குளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதை யார் காட்டுவார்கள்? மஞ்சள் ஜிகினாச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

மேலே பத்துப் பதினைந்து பெண்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நிரையில் வினோதா என்றொரு இளம் பெண். ஒரு கை கொழுந்துக்கு, ஒரு கை கீழே நின்ற சுற்றுலாக்காரர்களின் கமராவுக்கு டாட்டா காட்ட.

ஜீவராணி செடியை விலக்கிப் பார்த்தாள். அடியில் பாதிக் கொழுந்து அப்படியே நின்றது.

"தங்கச்சி, பாதிய விட்டுட்டு வாறியே."

"நீங்க யாருக்கா?"

"ட்ரிப் வந்தேன்."

"ட்ரிப் வந்தவங்க கொளத்துல படகு ஓட்டலாம்ல?"

ஜீவராணியின் கை ஏற்கெனவே வேலையில் இறங்கிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போன சமையல்காரன் அடுப்படியை எட்டிப் பார்க்காமல் இருப்பானா? கூடை இல்லை, மடியில் போட்டாள். மடி நிறைந்தது. ஜிகினாச் சேலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணை எந்தப் புத்தகத்திலும் பார்த்திராத வெள்ளைக்காரர்கள் வினோதாவை விட்டுவிட்டு இவளைப் படம் பிடித்தார்கள். இவளும் திரும்பி நின்று கொடுத்தாள்.

அப்போதுதான் வேலையை மேற்பார்க்கிற கங்காணி பொன்னையா வந்தார்.

"எந்த டிவிசன் நீங்க?"

"நோர்வூட்டுங்க."

"நோர்வூட்டுல இருந்து இங்க கொழுந்தெடுக்க வந்தீங்களா?"

"இல்லீங்க, சுத்திப் பாக்க."

"மடியில என்ன?"

"ஒங்க ஆளுக விட்டுட்டுப் போனது." அதோடு நிறுத்தினாளா? "இப்பிடிப் பறிச்சா எங்க கங்காணி ஏசியே கொன்னுருவாருங்க. நீங்க நல்லவரு போல."

பொன்னையாவின் மீசை துடித்தது. பதினைந்து பெண்கள் சிரிப்பை அடக்கும் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. "எனக்கு மேல உள்ள கண்டாக்கையா வரட்டும். அதுவரைக்கும் இந்த எடத்த விட்டு அசையக் கூடாது" என்றார்.

கீழே விசில் ஊதியது. மறுபடி ஊதியது. பஸ் ஹோர்ன் அடித்தது. கடைசியில் விசிலே மலை ஏறி வந்தது, பெற்றீசியா டீச்சரோடு.

"அக்கா, ரயிலு."

"நான் வாறேன்னுதான் சொல்றேன், இவருதான் விட மாட்டேங்கிறாரு."

"டீச்சர், ஒங்க ஆளு எங்க மலையில கொழுந்து களவெடுத்திருக்காங்க."

"ஐயா, அவங்க களவெடுக்கல. அவங்களுக்குப் பழக்கம்." டீச்சர் கைகூப்பினார். "எல்லாத்தையும் இங்கேயே கொட்டிட்டு வாங்க அக்கா."

"கொட்டுறதா? பறிச்ச கொழுந்த மண்ணுலயா?" ஜீவராணி மடியை இறுக்கினாள். "தராசுல நிறுத்து யாரு பேருலயாவது எழுதச் சொல்லுங்க. பொறகு வாறேன்."

இருபத்தொன்பது பேரின் முதல் ரயில் ஒரு மடிக் கொழுந்தில் தொங்கியது. யார் பேரில் எழுதுவது? வேறு தோட்டத்து ஆளுக்குச் செக்ரோல் பதிவேட்டில் பெயர் ஏது? பொன்னையா தலையைச் சொறிந்தார். கடைசியில் வினோதாதான் கூடையை நீட்டினாள்: "எம்பேருல போடுங்க கங்காணி, நானும் இன்னைக்கு நெறய டாட்டா காட்டிட்டேன்."

கீழே பஸ் ஜன்னலில் முப்பத்தேழு தலைகள். அவர்களுக்குப் பேச்சு கேட்கவில்லை. கங்காணி கையை நீட்டுவதும், டீச்சர் கும்பிடுவதும், ஜீவராணி மடியை அவிழ்த்துக் கொட்டுவதும் மட்டும் தெரிந்தது. வதந்திக்கு வேறென்ன வேண்டும்?

நானுஓயாவில் ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகைத்தான் பார்த்தார்கள்.

மறுபடி அதே பஸ், அதே வளைவுகள். தலவாக்கலை வரைக்கும் ஜீவராணியோடு யாரும் பேசவில்லை. டீச்சர் டிக்கெட்டுகளை எண்ணாமல் பைக்குள் போட்டார்; ஜீவராணி அதைப் பார்த்தாள், முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பின் சீட்டிலிருந்து ஒரு குரல், கோபம் குறையாமலே, "அங்க நிரைக்கு எத்தன பேரு விடுறாங்க?" என்றது. இன்னொன்று, "கூடை நம்மளுது மாதிரியா, பெருசா?" மூன்றாவது, "கங்காணி வாயி எப்பிடி?" ஹட்டன் வரும்வரை அதுதான் பேச்சு. குளத்தைப் பற்றி ஒருத்தி கேட்கவில்லை. ரயிலைத் தவறவிட வைத்தவளைச் சுற்றி, ரயிலைத் தவறவிட்டவர்களே கூடி உட்கார்ந்திருந்தார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தடவை யாத்திரை போன இடத்தில் ப்ரீ டைம் கிடைத்ததும் நீங்கள் எங்கே போனீர்கள்? கடை வைத்திருக்கிறவர் என்றால் அந்த ஊர்க் கடையில் பருப்பு விலை கேட்டீர்கள். வாத்தியார் என்றால் அந்த ஊர்ப் பள்ளிக்கூட மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள். பஸ் உங்களுக்காக ஹோர்ன் அடித்தது உங்களுக்குக் கேட்கவில்லை. அதில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

நேற்று பஸ் ஸ்டாண்டில் நிலக்ஷி என்றொருத்தி, எட்டுப் பேர் கேட்கிற மாதிரி, ஜீவராணியிடமே கேட்டுவிட்டாள்: "கொழுந்து களவெடுத்துட்டீங்களாமே அக்கா, நெசமா?"

ஜீவராணி வெற்றிலையைத் துப்பினாள்.

"களவெடுக்கிறவ நல்ல மலையாப் பாத்துப் போக மாட்டாளாடி? அது செடியக் கவாத்து வெட்டி விடாம வருசக்கணக்கா கெடக்குற மலை. அதுல போயி எவ களவெடுப்பா?"